பேட்டரியில் மிச்சம் இருந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய்ப் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். மற்றதெல்லாம் நலம் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். தினமும்தான் போனில் பேசுகிறோமே, அப்புறம் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ கேள்வி கேட்கும்போதே பதிலையும் நீயே சொல்லிவிடுகிறாய், நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அப்படிச் சொன்ன ஒரு ஆமாம் இப்போது என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் யாரும் பேசாமல் முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பிரிக்காதே. லீவு நாளில் உட்கார்ந்து படி.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்கிறேன். நேற்று சாயங்காலம் உன் மாமா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். தன் அக்கா, உன் அம்மா, போன நாளிலிருந்து ஆறு வாரமாக இங்கேயே தங்கி எனக்குச் சமைத்துப் போட்டவன், அடுப்பில் பாதி வெந்துகொண்டிருந்த சாதத்தை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தச் சாதத்தை நான் மறுபடி வேக வைக்கவில்லை, அப்படியே கொட்டினேன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏன் போனான் என்பது இதைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். உன் அம்மாவின் அறையை நீ விட்டுப்போனபடியேதான் வைத்திருக்கிறேன். ஆக்சிஜன் மிஷின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தியிருக்கிறேன். மாடியில் சோலார் பேனல்கள் அதுபாட்டுக்கு வேலை செய்கின்றன, பன்னிரண்டு மணிக்கெல்லாம் பேட்டரி நிறைந்துவிடுகிறது, அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா போன பிறகு இங்கே வந்திருந்தபோது நீ என் தோளில் சாய்ந்து, நான் வாங்கிக் கொடுத்த பேட்டரிதான்ப்பா அம்மாவைக் கொன்னுடுச்சு என்று அழுதாய். அன்றே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் முதுகைத் தடவிக்கொடுத்தேனே தவிர ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீ வாங்கிக் கொடுத்த பேட்டரி நிற்கவில்லை. பேனலும் பழுதில்லை, மிஷினும் பழுதில்லை, வயரிங்கிலும் ஒரு கோளாறும் இல்லை. உன் அம்மாவுக்கு மூச்சு முட்டிய நேரத்தில் பேட்டரியில் முப்பத்தெட்டு சதவீதம் இருந்தது. கரண்டு வராவிட்டாலும் இன்னும் நாலைந்து மணி நேரம் மிஷின் ஓடியிருக்கும். அது ஓடாததற்குக் காரணம் நான். நான்தான் அணைத்து வைத்திருந்தேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என்ன நடந்தது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியாததா. முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டினேன், டீசலைக் குறைவாகக் குடித்த வண்டிக்கு முதலாளி வருடா வருடம் பரிசு கொடுப்பார், பாதித் தடவை அது என் வண்டிக்குத்தான் வரும். ஷெட்டில் என்னைச் சொட்டு என்றுதான் கூப்பிடுவார்கள், ஒரு சொட்டைக்கூட விடமாட்டேனாம். மலை இறக்கத்தில் மற்றவர்கள் கியரில் இறங்கினால் நான் நியூட்ரலில் போட்டு இன்ஜினையும் அணைத்துவிடுவேன், வண்டி தன் பாரத்திலேயே உருண்டு இறங்கும். அதில் ஆபத்து உண்டு. இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக் டேங்கில் புதிதாகக் காற்று ஏறாது, இருக்கிற காற்றை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். நான் காற்று அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே இறங்குவேன், முள் இந்த இடத்துக்கு வந்தால் இன்ஜினைப் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு நாளும் அந்தக் கணக்கு தப்பியதில்லை, அதனால் திமிர்தான் ஏறியது. வீட்டிலும் அதே புத்திதான். சாதம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்து மிச்ச சூட்டில் வேகட்டும் என்பேன். சூரியனுக்கு மட்டும் ஒரு சுவிட்ச் இருந்திருந்தா உங்கப்பா நாலு மணிக்கே அணைச்சிருப்பாரு என்று அம்மா உன்னிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கும்.

நீ பேனல் போடலாம் என்றபோது முதலில் முறைத்தவன் நான்தான், போட்ட பிறகு தலைகால் புரியாமல் ஆடியவனும் நான்தான். ஜெனரேட்டர் இருந்த காலத்தில் கரண்டு போகிற ஒவ்வொரு தடவையும் டீசல் எரிவது எனக்கு என் ரத்தம் போவது மாதிரி இருக்கும். புகை வேறு ஜன்னல் வழியாக வந்து அவளுக்கு இருமல் கிளம்பும். பேனல் மாட்ட வந்த கம்பெனிக்கார அம்மாவை உனக்கு நினைவிருக்கும், நீ வீடியோவில் பேசினாயே, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாயில் நாலு திருகாணியைக் கடித்தபடியே பதில் சொல்வாரே, அவர்தான். ஆக்சிஜன் மிஷினுக்கு மட்டும் தனி லைன் இழுத்துச் சிவப்பு சுவிட்ச் வைத்து, இதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினார். ஒட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, சாருக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கேன் என்றார். கட்டிலில் இருந்தபடியே உன் அம்மா, இன்னும் பெருசா எழுதும்மா, டீசல் மிச்சம்னா அவருக்குக் கண்ணு தெரியாது என்றாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நாலு மாதம் ராஜா மாதிரி இருந்தேன். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் கரண்டு அடுப்பில் சமையல், வெந்நீருக்கும் அதுவே, கேஸ் சிலிண்டர் தூசி படிந்து நின்றது. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினேன். ஜெனரேட்டரை வாடகைச் சாமான் கடைக்காரருக்கு விற்றது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவசரத்துக்கு ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் எப்போதும் வீட்டில் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லி வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோமே, பேட்டரிதான் இருக்கிறதே என்று அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் அந்த மழை. திங்கட்கிழமை காலையில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது, தண்ணீர் வடியாமல் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மேகம் மூடிக் கிடந்தால் பேனலில் கால்வாசிதான் வரும், அதுவும் பகலில் சில மணி நேரம்தான். அன்றைக்கே பேனல் மாட்டிய அந்த அம்மா போன் செய்தார். பேட்டரி முப்பதுக்கு இறங்கற வரைக்கும் பயமில்ல சார், முப்பதுக்கு வந்துட்டா யோசிக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க என்று தெளிவாகச் சொன்னார். வாடகைச் சாமான் கடைக்காரர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, உங்க பழைய ஜெனரேட்டரையே கொண்டாந்து போடறேன், வாடகையெல்லாம் வேணாம், டீசல் மட்டும் நீங்க ஊத்திக்கோங்க என்றார். அந்த வாடை இனிமே இந்த வீட்டுக்குள்ள வராது என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பினேன். உன் அம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

முப்பதுக்கு இறங்கும் வரை பயமில்லை என்று அவர் சொன்னது எனக்குப் போதவில்லை பாப்பா. இறங்கவே விடக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. உன் அம்மாவின் விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்தேன், தொண்ணூற்றாறு காட்டியது. நன்றாக இருக்கும்போது எதற்கு மிஷின் ஓட வேண்டும், கொஞ்ச நேரம் அணைத்து வைத்து, எண் தொண்ணூறுக்கு வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. இறக்கத்தில் இன்ஜினை அணைக்கிற அதே கணக்கு. அவளிடம் சொன்னேன். நான் என்ன லாரியா, நியூட்ரல்ல உருட்டறதுக்கு என்று சிரித்தாள். சரி, உங்களுக்கு மனசு கேக்காதே, பண்ணிப் பாருங்க என்றாள். முதல் நாள் இருபது நிமிடம் தாங்கினாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் கால் மணி. மூன்றாம் நாள் காலையில் ஏழெட்டு நிமிடத்திலேயே எண் இறங்கியது, முகத்தில் வியர்வை, பேசும்போது இடையில் நிறுத்தினாள். முள் வேகமாக இறங்குகிறது என்றால் டேங்கில் எங்கோ ஒழுகுகிறது என்று எனக்குத் தெரியாதா. அன்றைக்கு அது உறைக்கவில்லை. பேட்டரி எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலையிலேயே வீட்டு லைனின் மெயினையும் அணைத்தேன், அதில் சும்மா எரிகிற சின்ன விளக்குகள்கூடக் குடிக்கும் என்று. அம்மாவின் கட்டிலில் இருக்கிற அழைப்பு மணி அந்த லைனில்தான் இருக்கிறது என்பது எனக்கு நினைவே வரவில்லை.

மதியம் இரண்டரை மணி வாக்கில் மழை நின்று திடீரென்று வெயில் அடித்தது. மூன்று நாளில் முதல் வெயில். எனக்குக் கை கால் பரபரத்தது. மாடியில் பேனல் மேல் எல்லாம் சேறும் இலையுமாகக் கிடக்குமே, துடைத்தால் ஒரே மணி நேரத்தில் பேட்டரி ஏறிவிடுமே என்று ஓடினேன். ஓடுவதற்கு முன்னால் விரல் மீட்டரைப் பார்த்தேன், தொண்ணூற்று மூன்று. சிவப்பு சுவிட்சை அணைத்தேன். ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று நினைத்தேன். மேலே போனால் பக்கத்துக் கட்டடத்திலிருந்து பறந்து வந்த தார்ப்பாய் ஒன்று மூன்று பேனலை மூடிக் கிடந்தது, அதைக் கிழித்து எடுத்து, பனியனைக் கழற்றி எட்டுப் பேனலையும் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி மாதிரி வெயில் தெறித்தது. சந்தோஷமாக இருந்தேன் பாப்பா, அதை மறைக்க மாட்டேன், பாட்டுக்கூட முணுமுணுத்தேன். கீழே இறங்கியபோது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. இறங்கியதும் நேராக அவளிடம் போகவில்லை, படியோரத்தில் இருக்கிற பேட்டரி மீட்டரைத்தான் முதலில் பார்த்தேன். நாற்பதைத் தொட்டிருந்தது. அதைச் சொல்லத்தான் அறைக்குள் போனேன். அவள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாள். கட்டை விரல் அழைப்பு மணியின் மேல் அழுந்தி இருந்தது.

மிஷினைப் போட்டேன், குழாயை மூக்கில் வைத்தேன், பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் அவளைத் தண்ணீருக்குள் தூக்கிக்கொண்டே மெயின் ரோடு வரை நடந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள், கண் திறக்கவில்லை, அது உனக்குத் தெரியும். முதல் நாள் நீ போன் செய்து, என்னப்பா ஆச்சு, பேட்டரி நின்னுடுச்சா என்று கத்தினாய். நான் ஆமா என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் வந்துவிட்டது. அப்புறம் உன் மாமா கேட்டான், டாக்டர் கேட்டார், ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் நடந்தது மாதிரி ஆகிவிட்டது. நீ வந்து நம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேனல் கம்பெனிக்கு உன் பெயரில் புகார் எழுதினாய், கீழே சாட்சியாக என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாய். போட்டேன்.

கம்பெனியில் வேறு யார் தலையில் கட்டுவார்கள். மாட்டிவிட்டுப் போன அந்த அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஸ்கூலில் படிக்கிற இரண்டு பிள்ளைகள், வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததில்லை, முன்பு உன் அம்மா சொல்லித் தெரியும், அவர்கள் இருவரும்தான் டீயை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்களே. போன செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். ஏணி இல்லை, பை இல்லை, கையில் மடித்த ஒரு தாள் மட்டும். பேட்டரிப் பெட்டிக்குள் எல்லாம் தானாகவே பதிவாகுமாம், எனக்குத் தெரியாது. சார், அன்னைக்கு ஒரு நாள் மட்டும் மிஷின் லைன் பதினோரு தடவை ஆஃப் ஆகியிருக்கு, தானா ஆகல, யாரோ கையால ஆஃப் பண்ணியிருக்காங்க என்றார். தாளை மறுபடி மடித்துக்கொண்டு, இதை ஆபீஸ்ல குடுத்தா என் வேலை எனக்குக் கிடைச்சிடும், ஆனா உங்க பொண்ணு ஒரு கம்பெனி லெட்டர்ல இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா, நீங்களே சொல்லிடுங்க, வர்ற திங்கக்கிழமை வரைக்கும் பார்க்கறேன் என்றார். திட்டவில்லை, ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். போகும்போது உன் அம்மாவின் அறை வாசலில் ஒரு நிமிடம் நின்றார், உள்ளே போகவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மானேஜர் சின்ன வயசு, வருத்தத்துல உங்க மேலயே பழியைப் போட்டுக்கறீங்க சார் என்று எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அப்படி இல்லை என்று புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. புரிந்த பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. புகார் உன் பெயரில் இருப்பதால் நீ எழுதிக் கொடுத்தால்தான் அந்த அம்மாவைத் திரும்ப எடுக்க முடியுமாம். நேற்று உன் மாமா, அந்தப் பொம்பளையைச் சும்மா விடக் கூடாது மாமா என்று மறுபடி ஆரம்பித்தான், என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அடுப்பை அணைத்துவிட்டுப் போனான்.

இத்தோடு முடித்திருக்கலாம். கம்பெனியில் கொடுத்ததிலும் இவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது, அது எந்தப் பெட்டியிலும் பதிவாகவில்லை, நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியவே தெரியாது. உன் மாமாவுக்கும் நான் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் அவள் சிரித்துக்கொண்டு சம்மதித்தாள் என்று எழுதினேன், அது நிஜம். மூன்றாம் நாள் மதியம் நான் மாடிக்கு ஓடும் அவசரத்தில் சுவிட்சில் கை வைத்தபோது, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமேங்க என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் நன்றாகக் காதில் விழுந்தது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்கு வேண்டும் என்று வாய் திறந்து அவள் கேட்டது குறைவு. அஞ்சே நிமிஷம் என்று சொல்லி அணைத்தேன். சரி என்று தலையை ஆட்டினாள்.

பேனல் மாட்டிய அந்த அம்மாவுக்காக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு, அது போய்ச் சேரும் வரை காத்திருக்காமல் கம்பெனிக்கு ஒரு போனும் போட்டுச் சொல்லிவிடு. அதை எனக்காகச் செய்ய வேண்டாம். எனக்குப் பதில் எழுதுவதும் எழுதாமல் இருப்பதும் உன் இஷ்டம், தினமும் பேசுகிற நேரத்துக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பேன், நீ கூப்பிடாவிட்டால் புரிந்துகொள்வேன். நீ நீண்ட ஆயுளோடு, மனசில் பாரம் இல்லாமல், நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அது மட்டும்தான் நான் வேண்டிக்கொள்வது. போன வாரம் பேசும்போது அந்த ஊர்க் குளிரில் உன் பல் தந்தி அடித்தது. கேட்டதற்கு, ஹீட்டர் போட்டா பில் எகிறுதுப்பா, வீட்டுக்குள்ளயே கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன் என்று பெருமையாகச் சொன்னாய். அந்தப் பெருமை என்னிடமிருந்து வந்தது, அதை விட்டுவிடு. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய் ஹீட்டரைப் போடு, அறை முழுக்கச் சூடாகட்டும், ராத்திரி முழுக்க ஓடட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா